ஆலாத்திட்டுக்குப் போன வைக்கோல்

எலியைக் கண்டால் நான் நாற்காலி மேல் ஏறி நிற்பவன் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். போன வருஷம் நம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் கூடியபோது, சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு சுண்டெலி ஓடியதற்கு நான் மேஜை மேல் ஏறி, சாம்பார் வாளியைக் கவிழ்த்து, தலைமை விருந்தினரின் வேட்டியை மஞ்சளாக்கியதை இன்னும் நாலு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பீர்கள். சிரித்து முடித்தவர்கள் மேலே படிக்கலாம். அந்தப் பயம் ஒரு தரம் என்ன காரியம் செய்தது என்று உங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்லலாம். இதில் சம்பந்தப்பட்ட பெரியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; என்னை அடிக்க ஆள் இல்லை.

எங்களுக்கு ஒரு தீவு இருந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் இதைச் சொன்னபோது, உங்களில் இரண்டு பேர் என்னைச் செராமிக் கழிவு மேட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் முதுகில் குத்தினீர்கள். விருத்தாசலத்துக்காரனுக்கு எங்கேயடா கடல், எங்கேயடா தீவு என்று கேட்டுக் கேட்டுக் குத்தினீர்கள். பேரைச் சொல்லமாட்டேன். ஒருவர் இப்போது டாக்டர்.

ஆனால் தீவு நிஜம். வெள்ளாறு கடலில் விழுகிற இடத்துக்குச் சற்று வடக்கே, கரையிலிருந்து துடுப்புப் போட்டால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு மணல்திட்டு. எங்கள் தாத்தா அந்தப் பக்கம் ஒரு தேங்காய் வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வியாபாரி அந்தத் திட்டில் தென்னங்கன்று வைத்தார். ஒரே புயலில் கன்று அத்தனையும் கடலுக்குப் போயிற்று. மனசு விட்டுப்போய்ப் பினாங்குக்குக் கப்பலேறிய மனிதர், போகிறபோது திட்டை எங்கள் தாத்தா பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அன்பாகக் கொடுத்தாரா, கேலியாகக் கொடுத்தாரா என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் வாக்குவாதம் நடந்தது. தாத்தா கடைசிவரை அங்கே கால் வைத்ததில்லை. அவருக்குப் படகு என்றால் பயம். என் பரம்பரையைச் சந்தேகப்பட வேண்டாம்.

தாத்தாவுக்குப் பிறகு பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொதுவில் வந்தது திட்டு. பெரியப்பா பூகோள வாத்தியார். உங்களுக்கும் எடுத்தார், அவருடைய குடைக் கம்பியால் மணிக்கட்டில் வாங்காதவன் நம் செட்டில் கிடையாது. அப்பா ஒரு செராமிக் கம்பெனியில் பேக்கிங் மேஸ்திரி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் நடுவில் சுவர் வைத்துக்கொண்டு குடியிருந்தார்கள். சுவர் இருந்தது நல்லதுக்குத்தான். இல்லாவிட்டால் வாய்ச்சண்டையோடு நின்றிருக்காது.

பெரியப்பா ஒரு தரம் சொத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சித்திரை மாசத்தில் திட்டுக்குப் போயிருக்கிறார். போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். திட்டு முழுக்க ஆலா. கறுப்புத் தொப்பி போட்ட வெள்ளைப் பறவைகள், வெறும் மணலில், கிளிஞ்சலுக்கு நடுவில், கூடு கீடு ஒன்றும் கட்டாமல் முட்டையைப் போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கரைக்காரர்கள் வருஷா வருஷம் அந்த முட்டைகளைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போவார்கள். அப்படி அள்ளுவதில் பேர்போன ஒரு பெரியவர் இருந்தார். அவர் கூடையோடு வந்தால் ஆலாவே நகர்ந்து வழிவிடும் என்று சொல்வார்களாம்.

பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெரியவருடைய மகனையே திட்டுக்குக் காவல்காரராகப் போட்டார். முட்டை எடுக்கிற வீட்டுப் பிள்ளையை முட்டைக்குக் காவல் வைத்தார். பெரியப்பா வாழ்நாளில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதையும் அவரே கெடுத்தார்.

காவல்காரர் ஒல்லியான ஆள். முன்பல் ஒன்று இருக்காது. சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. திட்டைச் சுற்றி நண்டும் மட்டியும் அவர்தான் பிடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அவர் முட்டையைத் தொடுவதை விட்டார். அவர் வீட்டிலும் யாரும் தொடக்கூடாது என்றார். கரையில் அவரைப் போட்டு ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள்.

“என்னாப்பா ஆலாவூட்டு மருமவனே, பொண்டாட்டி எத்தினி முட்ட போட்டுருக்குது?”

“ஒங்க வூட்டுக் கோழிய விட ஜாஸ்திதான்” என்பார் அவர். எட்டு வருஷம் அப்படி இருந்தார். பெரியப்பா சித்திரை, வைகாசியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து, சேத்தியாத்தோப்பில் இறங்கி டீ குடித்து, புவனகிரியில் பஸ் மாறி, கரைக்குப் போய், காவல்காரரின் தோணியில் ஏறித் திட்டுக்குப் போவார். முட்டைகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். வருஷா வருஷம் எண்ணிக்கை ஏறியது. எங்களுக்கு நூற்றுக்கு முப்பது போடும்போது கோணும் அவர் வாய், அந்த நோட்டைப் பார்க்கும்போது மட்டும் நேராக இருக்கும்.

அப்புறம் ஒரு கார்த்திகைப் புயல். திட்டின் கிழக்குப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கடல் கடித்துக்கொண்டு போய்விட்டது.

அப்பாவுக்குப் பறவையைப் பற்றிக் கவலை இல்லை. பத்திரத்தில் இருக்கிற இடம் குறைந்துகொண்டே போவதுதான் அவருக்குத் தாங்கவில்லை. யோசித்து யோசித்து, உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றாத ஒரு யோசனையைக் கண்டுபிடித்தார். கம்பெனிக்குப் பின்னால் கழிவு மேடு மலையாகக் கிடக்கிறது. உடைந்த ஜாடி, கோணிய ஃபியூஸ் கட்டை, வெடித்த இன்சுலேட்டர், கக்கூஸ் பேசின். அதைக் கொண்டுபோய்த் திட்டின் ஓரத்தில் அடுக்கிவிட்டால்?

“சுட்ட மண்ணு கரையாது” என்றார் அப்பா. “ஆயிரம் வருஷம் ஆனாலும் கரையாது. கடலு வந்து மோதிப் பாக்கட்டும்.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. “கக்கூஸ் பேசினை வச்சுக் கடலைத் தடுக்கப் போறியா? அங்க பறவை இருக்குது.”

“பறவை உட்காரத்தான் பேசின் கொண்டாறன்.”

ஒரு மாசம் இப்படியே போயிற்று. கடைசியில் அம்மா நடுவில் புகுந்து, ஆலா வருவதற்குள் மாசி மாசத்திலேயே வேலையை முடித்துவிட வேண்டும் என்று பேசித் தீர்த்தாள். பெரியப்பா அந்தப் பீங்கான் குப்பையைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேலை நடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவர் வரவில்லை. வந்திருந்தால் நான் இதை எழுதவேண்டி இருந்திருக்காது.

இப்போது வைக்கோல் விஷயம்.

கழிவைக் கொட்டுவதென்றால் என்ன செய்வார்கள்? தட்டில் அள்ளி லாரியில் வீசுவார்கள். அவ்வளவுதான். ஆனால் அப்பா இருபது வருஷம் பேக்கிங்கில் நின்றவர். அவர் கை வழியாக ஒரு சாமான் வெளியே போகிறதென்றால் பலகைப் பெட்டி வேண்டும், அடியில் வைக்கோல் வேண்டும், சாமானுக்குச் சாமான் நடுவில் வைக்கோல் வேண்டும், மேலே வைக்கோல் போட்டு மிதித்து மூடவேண்டும். அவருக்கு வேறு மாதிரி ஏற்றத் தெரியாது. கோணல் இன்சுலேட்டரையும் பாதி ஜாடியையும் பம்பாய்க்கு அனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கச் சொன்னார். பேக்கிங்கில் வேலை பார்த்த ஓர் அம்மாள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:

“மேஸ்திரி, ஒடஞ்சது மறுபடியும் ஒடயாம இருக்கறதுக்கா வைக்கோலு?”

“வேலையப் பாரு. என் செக்‌ஷன்லேர்ந்து எதுவும் மொட்டையாப் போனதில்ல.”

“அதான் கேட்டன். ஒடஞ்சதுக்கே இம்மாம் பவுசுன்னா நாங்க நல்லாதானே இருக்கறம், எங்களையும் கொஞ்சம் வைக்கோல் வச்சு வூட்டுக்கு அனுப்பக் கூடாதா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன், அதற்குத் தனியாக ஒரு குட்டு விழுந்தது. அந்த வைக்கோல், கம்பெனிக் கொட்டகையின் மூலையில் கிடந்த பழைய போர். போன வருஷத்து வைக்கோல் அடியில் மக்கிக் கிடந்தது. அதில் என்ன குடியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். எனக்குக் கொடுத்த வேலை, திட்டில் பெட்டியைத் திறந்து வைக்கோலை உருவிப் போடுவது. தோணியில் இடமில்லாமல் ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்தேன். நடுக்கடலில் எனக்குக் கீழே யாரோ சொறிந்துகொள்கிற சத்தம் கேட்டது. பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தேன். ஒரு வால் மெதுவாக உள்ளே போயிற்று.

அதற்கு முந்தின மாசம்தான் வீட்டில் ஓர் எலிக்காக நான் கத்தி, தெருவே கூடி, அப்பா என் மானத்தை வாங்கியிருந்தார். “ஆம்பளப் புள்ளயா இது? எலியப் பாத்து அழுவுது” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதனால் நடுக்கடலில் நான் வாயைத் திறக்கவில்லை. மீதி தூரம் முழுக்க இரண்டு பக்கமும் விரல்களை ஊன்றி, பிட்டத்தைப் பெட்டிக்கு மேலே ஓரங்குலம் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். யோகாசனம் கற்றவர்கள் முயன்று பாருங்கள்.

திட்டில் பெட்டியைத் திறந்தார்கள். வைக்கோலை உருவு என்றார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டு உருவினேன். என் கை மேல் வெதுவெதுவென்று ஏதோ ஓடியது. பிறகு ஒன்று, பிறகு இன்னும் ஒன்று. வைக்கோலோடு சேர்த்துத் தூக்கி எறிந்தேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன தெரியுமா?

“பாம்பு.”

ஏன் பாம்பு? எலிக்குக் கத்தினால் கேவலம், பாம்புக்குக் கத்தினால் கௌரவம். அந்த அரை நொடியில் என் மூளை அவ்வளவு கணக்குப் போட்டது. பூகோளத்தில் வேலை செய்யாத மூளை.

அப்பாவும் கூலியாட்களும் துடுப்பும் கம்பும் எடுத்துக்கொண்டு அடும்புக் கொடியை எல்லாம் அடி அடி என்று அடித்தார்கள். பாம்பு இருந்தால்தானே கிடைக்கும்? அடித்த அடியில் எலிகள் திட்டின் உள்ளே, ஆலா முட்டையிடுகிற மணல் மேட்டைப் பார்த்து ஓடிப்போயின. நான் ஒரு பேசின் மேல் ஏறி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன்.

காவல்காரர் கம்பெடுக்கவில்லை. குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாம்பு ஊர்ந்த தடம் இல்லியே தம்பி. இது என்னாது, புள்ளி புள்ளியா?”

“நண்டு” என்றேன்.

“நண்டுக்கு வாலு இழுத்த கோடு இருக்குமா?”

அவசரம் என்று சொல்லிவிட்டுப் புதருக்குப் போய்வந்தேன். திரும்பி வந்தபோது அவர் அந்தக் கோட்டை விரலால் அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

சித்திரையில் பள்ளிக்கூடம் விட்டார்கள். பெரியப்பா நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லீவுதானே என்று என்னையும் கூட்டிப்போனார். திட்டின் ஓரம் முழுக்க வெள்ளை வெளேரென்று பீங்கான். வெயிலில் கண் கூசியது. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மணல் மேட்டுக்கு நடந்தார். ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. ஒன்றும் உட்காரவில்லை. மணலில் குழி இருந்தது. முட்டை இல்லை. ஒரு குழி, இரண்டு குழி என்று எண்ணிக்கொண்டே போனார். எழுதுவதை நிறுத்தினார். மேட்டின் கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பியபோது அவர் வாய் கோணியிருந்தது. நான் அவர் அழுவார் என்று பயந்தேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோணி கரைக்கு வந்தது. கரையில் மீன் ஏலம் நடக்கிற நேரம். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். தோணியை விட்டு இறங்கியதும் அங்கேயே நின்று கேட்டார்.

“எத்தனை கூடைய்யா எடுத்த?”

காவல்காரருக்குப் புரியவில்லை. “என்னா கூட சார்?”

“உங்கப்பன் எடுத்த கூடை. அதை எங்க ஒளிச்சு வச்சிருந்த இத்தனை வருஷமா?”

ஏலம் போடுகிறவர் வாயை மூடினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சார், நான் தொடல. எலி பூந்துருக்குது சார், திட்டுல. நான் ரெண்ட அடிச்சன். ஒங்ககிட்ட சொல்லலாம்னுதான்...”

“எலி.” பெரியப்பா வகுப்பில் தப்பான பதில் சொன்னவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “கடலைத் தாண்டி எலி எப்படி வந்துச்சு? நீந்தியா, தோணியிலயா? டிக்கெட் எடுத்துச்சா?”

கூட்டம் சிரித்தது. எட்டு வருஷமாக அவரை ஆலாவூட்டு மருமகன் என்று ஓட்டியவர்கள். இன்றைக்கு அவர்களுக்குப் பெரிய தீனி கிடைத்தது. யாரோ பின்னாலிருந்து, “மாமியா வூட்டுலயே கைய வச்சிட்டியாடா” என்றான்.

“திருட்டுப் பரம்பரைன்னு தெரிஞ்சும் நம்பினேன் பார், என்னைச் சொல்லணும்” என்றார் பெரியப்பா. “இனிமே திட்டுல கால் வைக்காத.”

நான் எங்கே இருந்தேன்? பெரியப்பாவுக்குப் பின்னால், அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டிக்கெட் எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். எந்தப் பெட்டி என்றுகூடத் தெரியும். வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். கரையில் அன்றைக்கு ஏலத்துக்கு வந்த மீன்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து நாலு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா மாந்தம் என்று வசம்பு சுட்டாள். ஐந்தாம் நாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோபம் வராத நேரமாகப் பார்த்து, அவர் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது சொன்னேன். கையில் கத்தி இருக்கும்போது போய்ச் சொன்ன புத்திசாலி உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். பாதி முகத்தில் சோப்பு.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லப்பா.”

“சொல்லாத. வைக்கோலு என்னுது. பேக்கிங் என்னுது. எலியப் பேக் பண்ணி அனுப்புன மேஸ்திரின்னு கம்பெனி கேட்டுல நிக்கவச்சுப் பேசுவானுங்க. அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காரே, அவருக்குத் தெரிஞ்சா செத்தாலும் விடமாட்டாரு.”

“அந்தக் காவல்காரரு?”

“அவனுக்குக் கடல்ல மீனா இல்ல?”

அவ்வளவுதான் அப்பா. மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. வாசலில் காவல்காரர். அவரை எங்கள் ஊரில் அதற்குமுன் பார்த்ததில்லை. சட்டை போட்டிருந்தார், அதனால் அடையாளமே தெரியவில்லை. கையில் ஒரு பனையோலைக் கொட்டான். உள்ளே வா என்று இந்தப் பக்கமும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் சொல்லவில்லை. கொட்டானை வாசற்படியில் கவிழ்த்தார். ஒரு செத்த எலி. கூடவே அதன் கூடு. காய்ந்த வைக்கோல், அதற்கு நடுவில் கம்பெனி லேபிள் ஒன்று கிழிந்து சுருண்டு கிடந்தது. முட்டை ஓடும் இரண்டு துண்டு ஒட்டியிருந்தது.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். லேபிளைப் படித்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

“எலியெல்லாம் எங்கயும் இருக்கும்” என்றார் அப்பா.

“தம்பிக்குத் தெரியும் சார்” என்றார் காவல்காரர். “அன்னிக்கிப் பாம்புன்னு கத்துச்சே. அது பாம்பு இல்ல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பயத்தில் சிலருக்கு வாயடைத்துப் போகும். எனக்கு மடை திறந்துகொள்ளும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். எலி, பெட்டி, வால், பாம்பு, நண்டு. அதோடு நிற்கவில்லை. பெரியப்பா வீட்டு ஊறுகாய் ஜாடியை உடைத்தது, மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தை நானே போட்டது, கோயில் குளத்தில் ஒன்றுக்கிருந்தது என்று யாரும் கேட்காததையெல்லாம் கொட்டிவிட்டு, மூச்சு வாங்க நின்றேன்.

இனி காவல்காரரிடம் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெரியப்பா அப்பாவிடம் திரும்பினார்.

“அப்பவே சொன்னனா இல்லையா, குப்பையைக் கொண்டுபோகாதேன்னு?”

“நீ கிழிச்ச. பாதித் திட்டு கடலுக்குப் போச்சு, நீ முட்டைய எண்ணிக்கிட்டிருந்த.”

“எலியை வச்சுக் கட்டினியேடா, பாவி.”

“என் பாதியில நான் எலியும் வப்பன், யானையும் வப்பன்.”

அப்படியே ஒரு மணி நேரம். தாத்தா காலத்துச் சங்கதியெல்லாம் வெளியே வந்தது. தெரு கூடிவிட்டது. காவல்காரர் வாசற்படிக்குக் கீழே, எலிக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு தம்ளர் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. நான் கொடுத்திருக்கலாம். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

சண்டை கொஞ்சம் மூச்சு வாங்கியபோது அவர் பேசினார்.

“சார். எனக்குத் திட்டு வேலை வேணாம். எம் புள்ளைங்கள முட்டத்திருடன் புள்ளன்னு கூப்புடறானுங்க. நாலு பேரு முன்னாடி கரையில வச்சு சொன்னீங்க. அதே கரையில வந்து, இவன் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அது போதும்.”

பெரியப்பா ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஞாயித்துக்கிழமை வரேன்” என்றார்.

நான் அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் சலவை வேட்டி கட்டி, குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அதே ஏல நேரம். அதே கூட்டம், இன்னும் கொஞ்சம் கூடுதலாக, விஷயம் பரவியிருந்தது. காவல்காரர் தன் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டித் தலைசீவிக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

பெரியப்பா நடுவில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

“எலி என்பது பாலூட்டி” என்று ஆரம்பித்தார்.

நான் அவருடைய மாணவன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். எலி ஒரு தடவைக்கு எத்தனை குட்டி போடும், வருஷத்துக்கு எத்தனை தடவை போடும் என்றார். தீவில் வாழும் பறவைக்கு எதிரி கிடையாது, ஆகவே அது தரையில் முட்டையிடுகிறது என்றார். கப்பலில் போன எலிகள் எந்தெந்தச் சமுத்திரத்தில் எந்தெந்தத் தீவைக் காலி செய்தன என்றார். குடைக் கம்பியால் ஈர மணலில் இந்து மகா சமுத்திரத்தையே வரைந்துவிட்டார். கூட்டம் வாய் பிளந்து கேட்டது. மீன் விற்கிற ஓர் அம்மாள், “அப்ப எலிக்கு மருந்து வெக்கணுமா சார்?” என்று கேட்டாள். மருந்து வைத்தால் பறவையும் சாகும், பொறிதான் சரி என்று அதற்கும் பதில் சொன்னார். அரை மணி நேரம். அவர் எடுத்ததிலேயே அதுதான் மிகச்சிறந்த பாடம். காவல்காரரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

காவல்காரர் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“முடிஞ்சிதா சார்?”

“முடிஞ்சுது. ஏதாவது சந்தேகம் இருந்தாக் கேக்கலாம்.”

“ஒண்ணும் இல்ல சார்.”

கூட்டம் கலைய ஆரம்பித்தது. அந்த இரண்டு பிள்ளைகளும் இன்னும் பெரியப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன. எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த மீன் கூடை மேல் ஏறினேன். “அவரு முட்டை எடுக்கல” என்று கத்தினேன். கத்த நினைத்தது கணீரென்ற குரலில். வந்தது பூனையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். “எடுக்கல. எடுக்கவே இல்ல. எலியக் கொண்டாந்தது நாங்க. நான்தான் பாத்தன்.”

கரை முழுக்கச் சிரித்தது. என் குரலைப் பார்த்து, கூடை மேல் ஆடிய என் கால்களைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏலம் போடுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. குடையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

காவல்காரர் கிட்டே வந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

“நீ சொன்னாப் பத்தாது தம்பி” என்றார். “எறங்கு. கூட ஒடஞ்சிடும்.”

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அடுத்த கோடையில் ஆலா வந்து, இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, தெற்கே எங்கேயோ போயிற்று. மூன்றாம் வருஷம் அலை அப்பாவின் சுவருக்குப் பின்பக்கமாகப் புகுந்து மணலை அள்ளிவிட்டது. சுட்ட மண் கரையவில்லை. அது மட்டும்தான் மிச்சம்; தண்ணீர் வற்றும்போது ஒரு வரிசை பேசின் தெரியும் என்று சொல்கிறார்கள். பத்திரம் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாடம் நடந்த அன்றைக்குத் திரும்பும்போது புவனகிரியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

“எல்லாருக்கும் புரியற மாதிரிதான சொன்னேன்?”

சன்னலைப் பார்த்தேன். அவர் குடையைப் பார்த்தேன்.

“புரிஞ்சிது பெரியப்பா.”

“ம்” என்றார். கண்ணை மூடிக்கொண்டு, சேத்தியாத்தோப்பு வரும்வரை நிம்மதியாகத் தூங்கினார்.